மறைத்து வைத்த பாடங்கள்

புருஷன் அருளப்பன் நடத்தும் ஆன்லைன் டியூஷனில் வேதியியல் எடுப்பது தான்தான் என்று ஜெசிந்தா சொல்லாத வீடு தெருவில் இல்லை. பாடத்தை வீடியோவாகப் பதிவு செய்வதற்கென்றே பட்டுச்சேலை கட்டுவாள். அவளுடைய திரையில் அவள் எடுத்த எல்லாப் பாடங்களும் வரிசையாகத் தெரிந்தன. அதே டியூஷனில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண்ணின் போனிலோ ஒன்றுகூட இல்லை.

"பசங்களுக்குக் காட்டாதேன்னு செட்டிங்ஸ்ல போட்டிருக்கு ஆன்ட்டி. எங்களுக்கு வேற சார்தான் எடுக்குறாரு."

அதை மாற்றும் அதிகாரம் அருளப்பனுக்கு மட்டுமே உண்டு. ஏன் என்று கேட்டதற்கு, தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "உனக்கும் பொழுது போகணுமில்ல?"

மறுநாளும் ஜெசிந்தா கேமராவைப் போட்டாள். பதிவாகும் பாடத்தைத் திறந்து பார்க்கக்கூடியவன் ஒருவன்தான். கல்யாணமான நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லியிராத பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள்.

"அருளப்பா, நிமிர்ந்து உட்காரு."