ஜன்னலில் ஒரு முகம்

"விளக்கு ஏத்துனா போதுங்க, ஜன்னலுக்கு வெளிய ஒரு பொம்பள வந்து நின்னு என்னையே பாக்குறா. கோரமான மூஞ்சி. கண்ணாடியில எதையாச்சும் பூசி மறைச்சிருங்க," என்றாள் சண்முகவடிவு.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் கந்தப்பனுக்குத் திக்கென்றது. மறுநாளே நஸார் நானா கடையில் வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து கண்ணாடி முழுக்கத் தடிப்பாகப் பூசினான்.

"இனி அவ வரமாட்டா புள்ள."

அவனுக்குப் பெரிய நிம்மதி. அடுப்புத் தீயில் முகம் வெந்த மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன்பே, வீட்டிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் ஒளித்துவிட்டான். ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைத்தான் பாவம், பேயென்று நினைத்திருக்கிறாள்.

அன்று மாலை சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள் சண்முகவடிவு.

"அது நான்தான்னு மொத நாளே எனக்குத் தெரியுங்க," என்றாள்.

கந்தப்பன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"நான் வந்ததுலருந்து நீங்க எம்மூஞ்சியப் பாக்குறதே இல்ல. சாப்புடுறப்பவும் பேசுறப்பவும் அந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. இனிமேலாச்சும் என்னையப் பாருங்க."

அவன் கண்கள் தன்னையறியாமல் ஜன்னலுக்கு ஓடின. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.