ஏரிக்கு ஏது அலை

காற்றில்லாத சாயங்காலம். அயனம்பாக்கம் ஏரியில் வெயில் அசையாமல் படுத்துக் கிடக்கிறது. பழவேற்காட்டுக் கடலில் தொழில் செய்கிற கோதண்டம், தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் வலை வீசிக்கொண்டிருக்கிறான். ஆவடி குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்ட கன்னியம்மாள் இந்தப் பத்து வருஷத்தில் கடலை மறந்தேவிட்டாளோ என்று அவனுக்குள் ஒரு குறை. வலையில் துள்ளும் ஜிலேபி மீன்களை முந்தானையில் வாங்கிக்கொள்கிறவள், தண்ணீரை விட்டு வெகுதூரம் தள்ளி மேட்டில் கிடக்கும் அவன் செருப்பைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

“இன்னாண்ணா, ஏரியில அலை வந்து செருப்ப அடிச்சிக்கினு பூடுமா?”

“ஒன்னுது எங்க கீது, பாரு.”

அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவன் செருப்புக்கும் இருபதடி மேலே, பனைமரத்தடியில், பத்திரமாகக் கிடக்கிறது அவளுடைய செருப்பு.