ஃப்ரீசர் டப்பா

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவரும் ஒரே நாளில்தான் சர்க்கரையை நிறுத்தினார்கள். இளையவள் துரும்பாக இளைத்தாள். மூத்தவளோ இரண்டு கிலோ ஏறியிருந்தாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எல்லாம் அந்த ஃப்ரீசர் டப்பாவின் மகிமைதான் என்று மூத்தவள் முடிவுகட்டியிருந்தாள். இனிப்புக்கு நாக்கு ஏங்கும்போது சாப்பிட, கனிந்த வாழைப்பழத்தை நறுக்கி, வேர்க்கடலைப் பொடி தூவி அதில் வைத்துவிட்டுத்தான் இளையவள் தினமும் வேலைக்குக் கிளம்புவாள்.

ஒரு சாயங்காலம் மூத்தவள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "உண்மையைச் சொல்லுடி. அந்த வாழைப்பழத்துலதானே இளைச்சே?"

"அது என் வாய்க்கு எட்டினாத்தானேக்கா! ஆசையா வந்து திறந்தா, தினமும் டப்பா காலி. தண்ணியக் குடிச்சிட்டு இருந்துடுவேன். பசங்கதான் திங்குதுங்க போல. பாவம், நாளையிலேர்ந்து ரெண்டு பழமா வைக்கிறேன்."

மூத்தவள் உதட்டோரம் ஒட்டியிருந்த கடலைப்பொடியைப் புறங்கையால் மெல்லத் துடைத்துக்கொண்டாள்.