திறந்தே கிடந்த வால்வு

கிறீச்!

பஞ்சாலைக் கதவோரம் சத்தம் கேட்டது. ஆட்கள் தண்ணீர் வால்வை முழுசாகத் திறந்து, மறுபடி மூட முடியாதபடி சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

வால்வுக்கு அவமானம் தாங்கவில்லை. இதுவரை தீப்பிடித்தால் யாராவது ஓடிவந்து அதைத் திருக வேண்டும். உடனே கூரையிலிருந்த, வரிசையாகத் துளை போட்ட குழாய்கள் ஆலை முழுக்கத் தண்ணீரைக் கொட்டித் தீர்க்கும். இப்போது அந்த இடத்தில், ஈயத்தால் வாயடைத்த குட்டித் தெளிப்பான்கள் தொங்கின.

"ஆள் வந்து திருகாம நீங்க என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்றது வால்வு.

"சூடு பட்டா ஈயம் உருகும், வாய் திறக்கும். அவ்வளவுதாண்ணே," என்றது ஒரு தெளிப்பான்.

"பார்க்கத்தானே போறோம்," என்று மூலையில் பஞ்சுத்தூசி பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பம் சிரித்தது.

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பஞ்சுப் பொதி பற்றிக்கொண்டது.

"ஐயோ, யாராவது வாங்கப்பா! என்னைத் திருகுங்க!" என்று வால்வு அலறியது. ஒருவரும் வரவில்லை. ஆனால் திடீரென்று அதன் தொண்டைக்குள் தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. தீக்கு நேர் மேலே இருந்த தெளிப்பான் மட்டும் வாய் திறந்து கொட்டியது. தீ அணைந்தது. பக்கத்துப் பொதிகூட நனையவில்லை.

"பார்த்தீங்களா, எல்லாம் என் வழியாத்தான் வந்துச்சு!" என்று வால்வு கூத்தாடியது.

"ஆமாண்ணே, நீங்க மூடியிருந்தா நாங்க ஏது?" என்றன தெளிப்பான்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"முன்னெல்லாம் தீயைவிட உன் தண்ணியைத் தள்ளித்தான் என் இடுப்பு ஒடிஞ்சது," என்ற துடைப்பம், விட்ட இடத்திலிருந்து பஞ்சுத்தூசியைப் பெருக்கத் தொடங்கியது.