நடுவர் வந்த நேரம்

"அவர் வந்தா ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்களும்தான், நானும்தான். கையெழுத்துப் போட்டிருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் டீச்சர்.

"நான் ஏன் பேசப் போறேன் டீச்சர்? நான் கட்டின சுவர் பேசும்" என்றார் மேஸ்திரி.

"சுவர் பேசுதோ இல்லையோ, நீங்க போட்ட தளம் நல்லாப் பேசுது. மழை வந்தா சொட்டுச் சொட்டுன்னு ஒழுகி நிறுத்தவே மாட்டேங்குது!"

எட்டு மாதமாக இதே கூத்துதான். வேலை முடிந்துவிட்டது என்று அவரும், முடியவில்லை என்று இவளும் மல்லுக்கு நின்றதில் புது வீடு பூட்டியே கிடந்தது. டீச்சரும் அவள் கணவரும் நாத்தனார் வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் தங்கமானவள்தான். ஆனால் டீச்சர் குளித்துவிட்டு வந்தால் போதும், பின்னாலேயே போய்க் குழாயை இன்னொரு தடவை இறுக்கி மூடிவிட்டு வருவாள். எட்டு மாதமாக மூடுகிறாள். இந்த மாதமும் சொந்த வீட்டுக்குக் குடி போகாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று டீச்சர் நிஜமாகவே பயந்தாள்.

கட்டடத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் அலுவலகத்தில்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். இரண்டு பேருக்கும் வேண்டியவராகவும் இல்லாமல், வேண்டாதவராகவும் இல்லாமல் ஒரு இன்ஜினீயர் வருவார். அவர் எழுதும் அறிக்கையே முடிவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பார்வையிடும்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நடுநிலை கெட்டுவிடும்.

பதினொரு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பத்தரைக்கே கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடி, தோளில் பை, கையில் சின்ன நோட்டு.

"உள்ளே வரலாங்களா?" என்றார்.

இருவரும் வாயைத் தைத்துக்கொண்டவர்கள் மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்கள். டீச்சர் கையாலேயே வழி காட்டினாள்.

வந்தவர் லேசுப்பட்ட ஆளாகத் தெரியவில்லை. எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார். சுவிட்சுகளை எண்ணினார். சுவரை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பையிலிருந்து டேப்பை எடுத்துப் படுக்கையறைச் சுவரை இரண்டு தடவை அளந்து, உதட்டைப் பிதுக்கி, நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டார்.

பாத்ரூமில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது ஓடவேண்டிய பக்கம் ஓடாமல் மூலையில் போய்ச் சவுகரியமாக உட்கார்ந்துகொண்டது.

"ச்சு" என்றார்.

அந்த ஒரு "ச்சு"வில் மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. டீச்சரைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"டீச்சர், பாத்ரூம் வாட்டம் கொஞ்சம் மாறித்தான் போச்சு. நானே பேர்த்துப் போட்டுத் தர்றேன். அறிக்கையில மட்டும் ஏற வேணாம். அப்புறம் இந்த ஊர்ல ஒரு கோழிக்கூடு கட்டக்கூட என்னைக் கூப்பிட மாட்டாங்க."

தண்ணீர் தானாகக் காய்ந்துவிடும் என்று எட்டு மாதம் சாதித்த மனிதர்! டீச்சருக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. அதற்குள் அந்த ஆள் சமையலறைக்கே வந்து, ஜன்னலோரத்து விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு வரி எழுதினார். பிறகு மொட்டைமாடிக்குப் படியேறிப் போனார். இப்போது டீச்சர் மேஸ்திரியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மேஸ்திரி, இந்த ஜன்னலை மூணு தடவை இடம் மாத்தச் சொன்னது நான்தான். அதான் வெடிச்சிருக்கு. அவருக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். எல்லாப் பழியும் என் தலையில விழுந்தா ஒரு செங்கல்லைக்கூட நீங்க தொட வேண்டியதில்லையே!"

"அப்ப விரிசலை விட்டுடறீங்களா?"

"தளத்தைச் சரி பண்ணித் தர்றீங்களா?"

"மறுபடி பூசித் தர்றேன். வாசக்கதவு?"

"இழுத்துச் சாத்தினா சாத்திக்குது. போகட்டும்."

மேலே காலடிச் சத்தம் நகர நகரக் கீழே எழுத்து வேகம் பிடித்தது. சமையல் மேடையில் தாளை வைத்து டீச்சர் எழுத, மேஸ்திரி படித்துப் பார்க்க, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு மாதத்துச் சண்டை இருபது நிமிஷத்தில் முடிந்தது. பத்தே நாளில் வேலையை முடித்துச் சாவியைத் தருவதாக எழுதிக் கொடுத்த மேஸ்திரி வாய்கொள்ளாமல் சிரித்தார். அஸ்திவாரம் போட்ட நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை டீச்சர் இன்றுதான் பார்த்தாள். இத்தனை நல்ல மனிதரையா இத்தனை நாள் திட்டினோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது அவளுக்கு.

கண்ணாடிக்காரர் இறங்கி வந்தார். இனிப் பேசினால் என்ன?

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பார்த்த பார்வையிலேயே நாங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கிட்டோம். உங்க அறிக்கை இனிமே தேவைப்படாது" என்றாள் டீச்சர்.

"அறிக்கையா?" என்று விழித்தார் அவர். "நான் அடுத்த தெருவுல இருக்கேங்க. எட்டு மாசமா வீடு காலியாவே கிடக்கே, இன்னிக்குத்தான் ஆள் நடமாட்டம் தெரியுதேன்னு ஓடி வந்தேன். எங்க பீரோ அந்த ரூமுக்குள்ள நுழையாது, மத்தபடி பிடிச்சிருக்கு. வாடகை எவ்வளவு சொல்றீங்க?"