காலர் அக்காவுக்கு ஒன்பது கேள்விகள்

"கவலைப்படாதே தங்கச்சி. கடவுள் உன்னைக் கைவிட மாட்டார்."

காலர் அக்கா அனுப்பியிருந்த செய்தியைப் படித்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன்.

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து தைக்கிற பெண்களுக்கென்று போனில் ஒரு குழு. அதில் எனக்குச் சட்டைக் காலர் வெட்டக் கற்றுக்கொடுத்தவர். குழுவில் சேர்ந்த அன்றே, "நான் நாத்திகவாதி. சாமிப் படமெல்லாம் எனக்கு அனுப்பாதீங்க" என்று எல்லோருக்கும் அறிவித்தவள் நான். தெரிந்தும் அனுப்புகிறார் என்றால் என்ன துணிச்சல்!

நான் எதற்கும் கவலைப்படுகிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருவேன். கடவுள் இல்லை என்கிற ஒரு விஷயத்தில்தான் இதுவரை எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

அன்று காலையில்தான் என் மார்பிலிருந்த கட்டியில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர நான்கு நாள். "இந்த நாலு நாளை எப்படிக்கா தள்ளப்போறேன்?" என்று அக்காவிடம் அழுதிருந்தேன்.

அதற்கு இதுவா பதில்?

"கட்டியைக் கொடுத்தது யாராம்? அதையும் அவர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

"எல்லாம் அவர் சோதனை, தங்கச்சி." கூடவே கூப்பிய கைகளும் ஒளிவட்டமுமாக ஒரு படம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள்தான். ஆனாலும் அளவு எழுதும் நோட்டில் கேள்விகளை வரிசையாக எழுத ஆரம்பித்தேன். உலகத்து அறிஞர்கள் எல்லாம் என் சமையலறையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள் என்று நினைப்பு!

நான் ஒன்று அனுப்பினால் அக்கா இரண்டு அனுப்பினார்.

"நீ கூப்பிடாட்டியும் அவர் வருவார்."

"வந்தா காலிங்பெல் அடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

பால் பொங்கி வழிந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்தேன்.

"டாக்டர் உன்மேல கத்தி வைக்கிறதுக்குள்ள, நீ அந்தம்மா கழுத்துல வச்சிடுவே போலிருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. ஒரு கேள்விக்காவது அவங்க பதில் சொல்ல முடியாம முழிக்கணும்."

"சரி, சாப்பிட்டுட்டு முழிக்க வை."

சாப்பிட்டேன். சண்டை போடத் தெம்பு வேண்டாமா?

நான்காம் நாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பதாவது கேள்வியைத் தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் விலாவில் இடித்தார்.

"நர்ஸ் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு."

"இருங்க, ஒரு வரிதான் பாக்கி."

டாக்டர் தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "பயப்படற மாதிரி எதுவும் இல்லைம்மா. சாதாரணக் கட்டிதான்."

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணைத் துடைத்ததும் முதல் வேலையாக அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அவர் வெற்றிக்கொடி நாட்டுவதற்குள் முந்திக்கொள்ள வேண்டுமே!

"ஒண்ணுமில்லையாம்க்கா. உடனே உங்க கடவுள் காப்பாத்திட்டார்னு ஆரம்பிச்சிடாதீங்க. இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சிரிப்பு.

"எந்தக் கடவுள்டி? நானும் உன் கட்சிதான்."

"அப்போ அந்தப் படமெல்லாம்?"

"பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டு வாங்கினேன். இந்த நாலு நாள்ல ஒரு தடவையாவது பயந்தியா, சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன். பயப்பட எனக்கு எங்கே நேரம் இருந்தது?

"போன வருஷம் எனக்கும் இதே டெஸ்ட் எடுத்தாங்க" என்றார் அக்கா. "வீட்ல எல்லாரும் ரொம்ப அன்பா இருந்தாங்க. சண்டை போடத்தான் ஒரு ஆள் கிடைக்கலை."