தும்பிக்கு மிச்சம் மூன்று

கல் பூதம் பாலத்தின் நடுவே கையை ஓங்கி நின்றது. மேசையின் மறுபக்கம் சோனியா பொட்டலத்திலிருந்து சுருமுரிக் காரப்பொரி தின்றுகொண்டிருந்தாள்.

பாலம், பூதம், கீழே ஓடும் கறுப்பு ஆறு எல்லாம் கேரல் சொன்னவை. இந்த ஆட்டத்தில் கதை சொல்லி அவள்தான். பூதத்துக்காகப் பகடை உருட்டுபவளும் அவள்தான்.

மூன்று ஃபைல் அட்டைகளை ஒட்டித் தனக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தியிருந்தாள். அதன் பின்னால் என்ன எண் விழுந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுப்பவள். ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்டால் மட்டும் பேசுவாள். இந்த அட்டைக்குப் பின்னால்தான் அவளுக்குக் குரல் வரும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நான்கு பேரும் விஜயநகரில் ஜோவின் வீட்டு மாடிக்கு வந்துவிடுவார்கள். ஜோ வீரனாக ஆடுவான், அருண்ராஜ் மந்திரவாதியாக. சோனியா, தும்பி என்ற திருடி.

தும்பிக்கு மிச்சம் மூன்று உயிர்ப்புள்ளிகள். பூதம் ஓர் அடி அடித்தால் ஏழு போய்விடும். இருபது முகப் பகடையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் அடி.

நவம்பரிலிருந்து தும்பிக்கு எதிராக அப்படிப் பதினான்கு முறை விழுந்திருந்தது. பதினான்கு முறையும் கேரல் "எட்டு" என்றாள், "அஞ்சு" என்றாள், "ஐயோ, ஜஸ்ட் மிஸ்" என்றாள்.

நவம்பரில்தான் சோனியா முதல் முறை தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கீமோவுக்கு நடுவே வந்த ஞாயிறு அது. மாடிப்படி ஏறி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தபடியே, "தும்பியை எங்கே விட்டோம்?" என்று கேட்டாள்.

இந்த மேசையிலாவது இவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கேரல் அப்போதே முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஆபத்தே இல்லாவிட்டால் ஆட்டம் உப்புச்சப்பற்றுப் போய்விடும். அதனால் பூதங்களை எல்லாம் அருண்ராஜ் பக்கம் திருப்பிவிட்டாள். எட்டு மாதத்தில் அவனுடைய மந்திரவாதிகள் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

"என்ன குரு இது, தும்பிக்கு மட்டும் இன்ஷூரன்ஸா?" என்றான் அருண்ராஜ். மேசைக்கு அடியில் ஜோ அவனை உதைத்தது எல்லோருக்கும் கேட்டது.

சோனியா பொட்டலத்தை மேசையில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அட்டையை எடு கேரல்."

"எதுக்குடி?"

"என்ன விழுதுன்னு எனக்கும் தெரியணும்."

கேரல் அவசரமாக யோசித்தாள். பாலம் இடிந்து விழலாம். பூதத்துக்குக் கால் வழுக்கலாம். கதை அவளுடையது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஆனால் சோனியா கையை நீட்டி அட்டையை மடக்கிக் கீழே சாய்த்துவிட்டாள். மூன்று பேரின் முகங்களும் முதல் முறையாகக் கேரலுக்கு நேர் எதிரே இருந்தன.

அவள் பகடையை உருட்டினாள்.

அது மேசையில் ஓடி, சுருமுரிப் பொட்டலத்தில் இடித்து, திரும்பி நின்றது.

பதினேழு.

"பொட்டலத்துல பட்டிடுச்சு," என்றாள் கேரல். "செல்லாது."

"செல்லும்," என்றாள் சோனியா.

"மறுபடி உருட்டுறேன்."

"பேடா கணே, வேண்டாம்டி. செல்லும்." தும்பியின் தாளில் மூன்றிலிருந்து ஏழைக் கழித்து எழுதினாள். "செத்துட்டேன்."

ஆடுபவரின் பாத்திரம் செத்தால் அதற்கு ஒரு சர்டிஃபிகேட் உண்டு. இந்த மாடியில் மட்டும் உள்ள வழக்கம், ஜோவின் யோசனை. தாளின் பின்பக்கத்தில் பாத்திரத்தின் பெயர், ஆடியவர் பெயர், தேதி, மரணக் காரணம். கதை சொல்பவர்தான் எழுத வேண்டும்; சாட்சிக் கையெழுத்து ஜோவுடையது. அருண்ராஜ் தன்னுடைய இரண்டையும் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறான்.

ஜோ பேனாவை நீட்டினான்.

கேரல் "தும்பி" என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. அந்தத் தாளில், அந்த இடத்தில், சோனியாவின் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"எழுதுடி," என்றாள் சோனியா. "இத்தனை நாள் நீ பொய்தான் சொன்னே. அப்பவே தெரியும். அப்போ எனக்கு அது வேண்டியிருந்துச்சு. தேங்க்ஸ்."

கேரல் தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"நேத்து ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சு. ஒண்ணுமே இல்லையாம்." சோனியா பொட்டலத்திலிருந்து கடைசி வேர்க்கடலையைத் தேடி எடுத்தாள். "அதான், இன்னிக்குச் சாகலாம்னு வந்தேன்."

அருண்ராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "சக்கத்தா செத்தே குரு, சூப்பர் சாவு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

கேரல் சோனியாவின் பெயரை எழுதினாள். தேதியை எழுதினாள். கண் கலங்கியதில் எழுத்துகள் கோணலாக விழுந்தன.

மரணக் காரணம் என்ற இடத்தில் "கல் பூதம்" என்று எழுதினாள்.

எழுதியதை மெதுவாக வாசித்தாள். கல் பூதம். அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. இன்னொரு தடவையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துக்காக ஜோவிடம் கொடுத்தாள்.